லில்லி காற்றை விழுங்குகிறாள்

3.7.96, புதன்
விடாத மழை. தொழுவத்து ஓடு ஒழுகல். லில்லி காலையிலிருந்து தீவனத் தொட்டியின் மர விளிம்பைப் பல்லால் கவ்வி, கழுத்தை வளைத்து, காற்றை உள்ளே இழுக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஏப்பம் போல ஒரு சத்தம். தின்றது பாதி. வயிறு உப்பல். லத்தி கொஞ்சம், கெட்டியாக.

கல்யாண ஊர்வலத்துக்கென்று இவர் வாங்கிய குதிரை. மூன்றோ நாலோ கல்யாணம், அத்தோடு சரி. சீக்கிரம் விற்றுவிடலாம் என்று சொல்லி மஸ்கட் போனவர். ஒன்றரை வருடமாக நான் அம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை.

நெய்யாற்றின்கரை லேபில் வேலை கிடைத்துவிட்டது. திங்கள் சேர வேண்டும். மாமாவிடம் சொன்னேன். "அப்போ குதிரைய யாரு பாக்கது?" மகனைப் போலவே அப்பாவும்.

4.7, வியாழன்
வெயில். மாட்டு டாக்டர் வந்தார். குதிரை பார்த்துப் பழக்கமில்லை, திருவனந்தபுரத்தில் கூடப் படித்தவரிடம் கேட்டுவிட்டு வந்தாராம். கழுத்துப் பட்டை கட்டினால் அப்போதைக்கு நிற்கும், பழக்கம் போகாது. கட்டியே போடுவதும் கொள்ளும் தவிடும் அள்ளிப் போடுவதும்தான் கெடுதல்.
- புல் எப்போதும் முன்னால்
- கொள்ளு பாதி, அதையும் பிரித்துப் பிரித்து
- தண்ணீர். நடை.

"நாள் முழுக்க ஒரே சுவர பாத்து நிண்ணா யாருக்கும் கிறுக்கு பிடிக்கும், இல்லியா" என்றார். சிரித்தேன். அவர் போனபின் அழுகை.

5.7, வெள்ளி
பக்கத்து வீட்டு போனில் இவர். கடற்கரை சவாரிக்குக் குதிரை தேடி பூவாரிலிருந்து ஒருவர் வருவாராம். பட்டையைக் கட்டி வைக்க வேண்டும், காற்று விழுங்குவதைப் பற்றி நான் வாயைத் திறக்கக் கூடாது. வேலையைப் பற்றிச் சொன்னேன். குதிரை போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

திங்களுக்குள் விற்றால் போகலாம். பரணில் கிடந்த பட்டையை எடுத்து எண்ணெய் தடவினேன்.

6.7, சனி
பூவார்க்காரர் வந்தார். சாதுவான மனிதர். இதற்கு முன் குதிரை வைத்ததில்லையாம். லில்லி பட்டையோடு அசையாமல் நின்றாள். என்ன கொடுக்க வேண்டும் என்று கேட்டார். எது போட்டாலும் தின்னும் என்று மாமா முந்திக்கொண்டார். மணலில் கட்டிப்போட்டு வெறும் கொள்ளு வைப்பார்கள். வலி வந்தால் என்னவென்றே தெரியாது. செத்துப்போவாள்.

"அண்ணா, இது காத்து விழுங்கும். வயிறு உப்பி வலி வரும். பாத்து குடுக்கணும்."

அவர் பட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு வருகிறேன் என்று கிளம்பினார். வரமாட்டார்.

மாமா சொன்னது ஒன்றுதான். "அதுக்கும் போக்கில்ல, உனக்கும் போக்கில்ல. நீயாக்கும் வழிய அடச்சது, கேட்டியா?"

சரிதான்.

7.7, ஞாயிறு
சர்ச்சுக்குப் போகவில்லை. புல் அறுப்பு. பட்டையைக் கழற்றினால் கழுத்தில் புண். மஞ்சள் போட்டேன். கழற்றிய உடனே விளிம்பைக் கவ்வினாள்.

நீலச் சேலை, சர்ட்டிபிகேட், குடை எடுத்து வைத்தாயிற்று. எந்த நம்பிக்கையிலோ.

8.7, திங்கள்
சேலை கட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனால் லில்லி கீழே. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். வியர்வை. லத்தி போடவே இல்லை. டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, எழுப்பி, சேலையைத் தூக்கிச் செருகி, ரோட்டில் நடத்தினேன். நெய்யாற்றின்கரை பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலில் எல்லா முகமும் எங்கள் பக்கம்.

டாக்டர் ஊசி போட்டார். மறுபடி நடை. கடைசியில் காற்று பிரிந்தது. பிறகு லத்தி. ரோட்டோரப் புல்லில் வாய் வைத்தாள். ஈர மதிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா எப்போது வந்தார், தெரியவில்லை. என் சேலைச் சேற்றைப் பார்த்தபடி நின்றார். கயிற்றைக் கேட்டு வாங்கினார். கைநீளம் தள்ளியே நின்று பிடித்தார். அவருக்குக் குதிரை என்றால் பயம். இத்தனை நாளும் எனக்குத் தெரியாது.

"அடுத்த பஸ் உண்டு மக்கா. சேலைய மாத்திட்டு போ."

"கொள்ளு பாதிதான், மாமா."

"கேட்டுட்டுதானே இருந்தேன்."

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. அமரவிளை தாண்டியாயிற்று.