நாளைய பக்கத்தைக் கேட்பவர்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து மழை. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். பால் வரவில்லை. கறுப்புக் காப்பி.

மராமத்து: வலைப்பதிவில் தமிழ்த் தேதி கோணலாக வந்ததைச் சரிசெய்தேன். இலவச வலைப்பதிவுத் தளம் ஒன்று என் நாலு வருஷ எழுத்தை விழுங்கிவிட்டு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு எவனையும் நம்பவில்லை. புத்தகம் பார்த்து நானே கற்று, நானே கட்டியது இது. பக்கத்தின் முகவரி: தேதி, அதன்பின் அன்றைய டிபன். என்ன தின்றேன் என்று பார்த்தால் என்ன எழுதினேன் என்பது ஞாபகம் வரும். மகன் ஸ்ரீதர் சிரிப்பான். சிரிக்கட்டும்.

சோதனைப் பிரதி சமையலறை அலமாரியில், பழைய லேப்டாப்பில் ஓடுகிறது. வீட்டு வைஃபைக்குள் இருப்பவர் மட்டுமே திறக்க முடியும். வீட்டில் நான் ஒருவன். கட்டடத்திலேயே நான் ஒருவன்.

எந்தப் பக்கத்தை எப்போது கேட்டார்கள் என்று லேப்டாப் தானே குறித்துவைக்கும் லாக்கை மதியம் பார்த்தேன். இல்லாத பக்கத்தை யாரோ கேட்டதாக ஒரு வரி: ஜூலை-9-அடை.

நாளைக்கு அடை என்று யாரிடமும் சொல்லவில்லை. அரிசி, பருப்பு ஊறவைத்ததே இந்த வரி பதிவான பிறகுதான்.

ஜூலை 9, செவ்வாய்

மழை. ஹாலில் உத்தரத்துப் பக்கம் காரை உதிர்ந்தது. பெருக்கினேன்.

எவனோ சொல்லி நான் அடை தின்பதா? ஊறியதை அரைத்து ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டு ரவை உப்புமா கிளறினேன். சாப்பிட்டுவிட்டு லாக்கைத் திறந்தேன். நேற்று மாலையே, அடைக்குக் கீழே இன்னொரு வரி. ஜூலை-9-உப்புமா. நேற்று மதியத்துக்குப் பிறகு நான் லாக்கைத் திறக்கவில்லை.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றினேன்.

வாஷியிலிருந்து ஸ்ரீதர் போன். அவன் வேலை சாஃப்ட்வேர். விஷயத்தைச் சொன்னேன்.

"பிரவுசர் முன்கூட்டியே எதையாவது கேக்கும்ப்பா. பெரிசு பண்ணாதே."

"நான் உப்புமா பண்ணப் போறேன்னு பிரவுசருக்கு எப்படிடா தெரியும்?"

"நீ வாரத்துல நாலு நாள் உப்புமாதானேப்பா."

பிறகு வழக்கமான பாட்டு. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட எல்லோரும் பில்டருக்குக் கையெழுத்துப் போட்டுக் காலி செய்தாயிற்று. அபாயக் கட்டடம் என்று முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒட்டியாயிற்று. நீ மட்டும் ஏன்?

ஏன் என்றால், பில்டர் முதலில் காட்டிய வரைபடத்தில் இருந்த பால்கனி இரண்டாவதில் இல்லை. மீட்டிங்கில் கேட்டேன். "அங்கிள், உட்காருங்கள்" என்றார்கள். உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 10, புதன்

மழை விட்டு விட்டு. உத்தரத்தில் விரிசல், விரல் நுழைகிறது. நேற்று நுழையவில்லை.

லாக்: ஜூலை-10-பட்டினி. நேற்றுக் கேட்டது.

இதை எப்படிப் பொய்யாக்காமல் விடுவேன்? தோசைக்கல்லைப் போட்டேன். காஸ் தீர்ந்துவிட்டது. மாட்டுங்கா ஓட்டலுக்காவது போகலாம் என்று இறங்கினால் படிக்கட்டில் தண்ணீர். பிஸ்கட் டப்பாவில் எறும்பு.

ரௌட்டரை அணைத்தேன். லேப்டாப் வயரையும் பிடுங்கினேன். மாலையில் மாட்டிப் பார்த்தால், அணைந்திருந்த நேரத்தில் இரண்டு வரி. முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் திறந்து படித்திருக்கிறது.

ஒன்றை எழுதிவைக்க வேண்டும். எனக்குக் கோபம் வரவில்லை. இந்த வலைப்பதிவை முழுதாகப் படித்தவர் யாரும் கிடையாது. ஸ்ரீதர்கூட.

ஜூலை 11, வியாழன்

வெயில். இந்த மாசத்தில் முதல் தடவை.

வாட்ச்மேன் பாண்டே வடாபாவ் கொண்டுவந்தான். "அங்கிள், ஜித் சோட் தோ" என்றான். பிடிவாதத்தை விடுவதாம். பிடிவாதம் இல்லையப்பா, பால்கனி.

லாக் பார்த்தேன். வடாபாவை நேற்று இரவே கேட்டிருக்கிறது. நாளைக்கான பக்கத்தைக் கேட்கவில்லை.

மத்தியானம் மறுபடி. இல்லை. அடை, தோசை, பட்டினி, எதுவுமே இல்லை. பன்னிரண்டாம் தேதி என்ற ஒன்றே அதற்குத் தேவைப்படவில்லை போல.

நாற்காலியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். உத்தரத்திலிருந்து மணல் கொட்டும் சத்தம்.

ஸ்ரீதருக்கு நானே போன் செய்தேன்.

"வண்டி எடுத்துண்டு வா."

"சனிக்கிழமை டெம்போ சொல்றேன்ப்பா."

"இன்னிக்கு. இப்போ."

"ஒரு வருஷமா காலில விழாத குறையாக் கெஞ்சினேன், வரல்லே. இப்போ என்ன?"

"லேப்டாப்புக்கு ஈரம் ஆகாது."

"கிளம்பறேன்ப்பா" என்றான்.

எடுத்துக்கொண்டது: லேப்டாப், மாத்திரை, இரண்டு வேட்டி, பில்டரின் முதல் வரைபடம். கையெழுத்துப் போடவில்லை. வெளியே வந்தது வேறு, சம்மதம் வேறு.

எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஸ்ரீதர் டிராஃபிக்கில். இருட்டத் தொடங்கிவிட்டது. விளக்கெல்லாம் அணைத்து, பூட்டி, சாவி என் பையில்.

பாண்டே வந்து நின்று மூன்றாம் மாடியைக் காட்டுகிறான். என் சமையலறை ஜன்னல். வெளிச்சம். மேலே யார் என்று கேட்கிறான்.

"அங்கிள், ஊப்பர் கோன் ஹை?"