மேய்ப்பர் ஒப்பாரி, முதல் பக்கம்

மார்ச் 3, ஞாயிறு

இன்று மாலை நான்கு இருபதுக்கு, மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, ஒருவர் நடுநிலை என்ற நிலையில், இசைத்தட்டு ஓடும்போது பிஸ்கட் தின்னக்கூடாது என்று எங்கள் இசை ரசிகர் வட்டம் தீர்மானித்தது. வட்டம் தொடங்கிய ஏழு வருடங்களில் இத்தனை பெரிய முடிவை நாங்கள் எடுத்ததில்லை. செயலாளர் என்ற முறையில் பித்தளைக் குண்டை மேசையில் இரண்டு முறை தட்டி நான் அதை அறிவித்தேன். இசைத்தட்டு வழுக்காமலிருக்க அதன் நடுவில் வைக்கிற குண்டு அது. முக்கால் கிலோ. எங்கள் பல் டாக்டர் ஒரு பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கியது. பாட்டு ஓடாத நேரத்தில் ஜனநாயகத்துக்குப் பயன்படுகிறது.

எதிர்த்தவர் லாரிக்காரர். "பிஸ்கட் சத்தம் உங்க காதுல விழுதுன்னா, நீங்க பாட்டைக் கேக்கலன்னு அர்த்தம்" என்றார்.

"பிஸ்கட் சத்தமா அது? ஜல்லி உடைக்கிற மெஷின்" என்றார் சர்வேயர்.

நடுநிலை வகித்தவர் பல் டாக்டர். பிஸ்கட்டால் அவர் தொழில் நடக்கிறது; கம்பளமும் அவருடையது. ஞாயிறுதோறும் அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில்தான், மீன்தொட்டிக்கும் கடைவாய்ப்பல் படத்துக்கும் நடுவே கூடுகிறோம். வாரம் ஒருவர் தனக்குப் பிடித்த தட்டைக் கொண்டுவர வேண்டும். உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் சாதாரண ஜனங்கள் பாடியதாக இருக்க வேண்டும். மொழி புரியக்கூடாது என்று விதி கிடையாது. ஆனால் புரிந்துவிட்டால் ரசனையில் கலப்படம் வந்துவிடுகிறது. இன்று கெமிஸ்ட்ரி டீச்சரின் முறை. பாலைவனப் பெண்கள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பாடினார்கள். எதற்கென்று தெரியவில்லை. உருகினோம்.

மார்ச் 10, ஞாயிறு

சர்வேயரின் முறை. குளிர்த் தீவு ஒன்றின் மீனவர்கள் வலை இழுக்கும் பாட்டுகள். மூன்றாவது பாட்டில் அத்தனை பேரும் ஒருசேர நிறுத்தி மூச்சு வாங்குகிற இடம் ஒன்று உண்டு. சர்வேயர் அதற்காகவே வாழ்கிறவர். அந்த இடத்தில் லாரிக்காரர் கடித்தார்.

சட்டைப் பையில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

சர்வேயர் எழுந்து போய் அவர் வாயிலிருந்த பிஸ்கட்டை அறைந்தார். பிஸ்கட் தனியாக இல்லை, கன்னமும் கூட இருந்தது. லாரிக்காரர் சர்வேயரின் பிடரியைப் பிடித்துத் தலையை மீன்தொட்டியில் மோதினார். முதல் மோதலில் சத்தம் மட்டும். இரண்டாவதில் கண்ணாடி. தண்ணீரும் மீனும் ரத்தமும் கம்பளத்தில் பரவ, தட்டில் மீனவர்கள் விடாமல் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் முதலில் பாய்ந்து பிளேயரின் முள்ளைத் தூக்கினார். அப்புறம்தான் சர்வேயரைத் தூக்கினார். எங்கள் வட்டத்தின் பண்பாடு அப்படிப்பட்டது.

நெற்றியில் நாலு தையல். டாக்டர் தன் நாற்காலியிலேயே சாய்த்துப் போட்டார். "பல்லுக்கு ஒரு சாண் மேலதானே, போடலாம்" என்றார்.

மார்ச் 11, திங்கள்

ஆறு மீனில் நாலு செத்தது.

மார்ச் 17, ஞாயிறு

லாரிக்காரரை நீக்கினோம். தன்னுடைய தோல்பைக் குழல் தட்டுகளை எடுத்துப்போக வந்தார். கதவை உதைத்துத் திறந்தார். அது பூட்டியிருக்கவில்லை. உள்ளே சர்வேயர், நிலம் அளக்கிற முக்காலியின் ஒரு காலைக் கழற்றி, இரும்பு முனை கீழே இருக்கும்படி பிடித்துக்கொண்டு நின்றார். முழங்காலுக்குக் கீழே ஒரே அடி. எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் பிஸ்கட்டை நினைவூட்டியது. இதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

லாரிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் தத்தியே வெளியே போனார். தட்டுகளை அக்குளில் இடுக்கியிருந்தார். ஓர் அட்டைகூட மடங்கவில்லை. வாசலில் நின்று, "உங்க பாட்டுல எல்லாம் யாராவது செத்துக்கிட்டே இருக்கான். அதான் உங்களுக்கு இப்படி வெறி வருது" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வன்முறை எந்த வடிவில் வந்தாலும் வட்டம் அதைக் கண்டிக்கிறது என்று குறிப்பில் எழுதினேன். என்னைப் போல நிதானமாக ஒருவன் இருப்பதால்தான் இத்தகைய அமைப்புகள் நிலைக்கின்றன.

மார்ச் 19, செவ்வாய்

காலியான இடத்துக்கு மச்சினனைக் கொண்டுவரப் போகிறேன். என் மனைவியின் தம்பி. கடைவீதியில் அவன் கடை. 'ரேடியோ, இசைத்தட்டு பிளேயர், ஸ்பீக்கர், கடிகாரம் பழுது பார்க்கப்படும்' என்று பலகை. மீட்டர் வைத்துப் பார்க்கமாட்டான். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே கண்ணை மூடி உட்கார்ந்து, "இடது பக்கம் ஒரு மயிரிழை கம்மி" என்பான். பிரித்துப் பார்த்தால் கம்மியாகத்தான் இருக்கும். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

"உங்க சண்டைக்குள்ள அவனை இழுக்காதீங்க" என்றாள் மனைவி.

"சண்டைக்காரர் போயிட்டார். இப்ப இருக்கிறதெல்லாம் ரசிகர்கள்" என்றேன்.

மார்ச் 24, ஞாயிறு

மச்சினனின் முதல் ஞாயிறு. அவனைக் கௌரவிக்க என் தட்டையே போட்டேன்.

அதைப் பற்றி இந்த டைரியில் நான் எழுதியதே இல்லை. வெளியே நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன். ஐந்து வருடம் முன்பு ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. அட்டையில் மலை, ஆடுகள். தெரியாத எழுத்து. நடு லேபிளில் பாதி கிழிந்திருக்கிறது. பத்தொன்பது நிமிடம் கனத்த குரலில் ஆண்கள், ஒவ்வொரு அடியையும் பாறையைப் போல உருட்டிக்கொண்டு பாடுகிறார்கள். நானாகத்தான் 'மேய்ப்பர் ஒப்பாரி' என்று பெயர் வைத்தேன். இரண்டு வருடம் முன்பு அம்மாவை ஹாலில் கிடத்தியிருந்தபோது இதைப் போட்டேன். பத்து வருடம் பேசாதிருந்த பெரியப்பா மகன் என் தோளில் விழுந்து அழுதான். அதன் பிறகு மூன்று சாவுகளுக்கு இரவல் போயிருக்கிறது. என் கட்டுரை அடுத்த மாதம் ஒரு காலாண்டிதழில் வருகிறது. இருபத்தாறு வருடமாகப் பாடப்புத்தகக் கம்பெனியில் மற்றவர்கள் எழுதியதற்குப் பிழை திருத்துகிறேன். அச்சில் என் பெயர் வரப்போவது இதுதான் முதல் முறை.

மச்சினன் கண்ணை மூடிக் கேட்டான். பாதியில் புருவம் நெரிந்தது.

"பிடிக்கலையா மாப்ள?"

"சேச்சே. நல்லா இருக்கு மாமா." டீயை எடுத்தான். வைத்தான். "ஒண்ணுமில்ல."

மார்ச் 29, வெள்ளி

கடைக்கு வரச்சொல்லியிருந்தான். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சொன்னான்.

"மாமா, அந்தத் தட்டு நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துல ஓட வேண்டியது. நீங்க முப்பத்திமூணுல ஓட்டுறீங்க."

"பெரிய தட்டு எல்லாமே முப்பத்திமூணு."

"பெரும்பாலும். எல்லாமே இல்ல. அவங்க மூச்சு இழுக்குறதைக் கேட்டீங்களா? மனுஷன் அவ்வளவு நேரம் மூச்சு இழுக்கமாட்டான் மாமா."

மலைவாசிகளுக்கு நுரையீரல் பெரிது என்றேன். இதைக் கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன், பதினொன்றாம் பக்கம்.

"சரி மாமா. நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா அச்சுல வருதே. போறதுக்கு முன்னாடி தப்பைச் சொல்றதுதானே உங்க வேலையே?"

மேசையில் வரிசையாக அடுக்கியிருந்த திருகாணிகளை ஒரே வீச்சில் தள்ளிவிட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கினோம். ஒன்று கிடைக்கவில்லை. "விடுங்க மாமா, வேற இருக்கு" என்றான்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வீட்டுப் பிளேயரில் வேகத்தை மாற்றுகிற குமிழ் இருக்கிறது. அரை நொடி வேலை. திருப்பவில்லை. ஏன்? திருப்பத் தேவையில்லை என்பதால். தேவையில்லை என்றால் ஏன் அரை மணி நேரம் அதன் எதிரில் நின்றேன்?

ஏப்ரல் 7, ஞாயிறு

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

திருத்திக் கொடுப்பதற்காகக் கட்டுரையின் மெய்ப்பு வந்துவிட்டது. வட்டத்தில் படித்துக்காட்டச் சொன்னார்கள். பின்னணிக்குத் தட்டைப் போட்டேன். குண்டைத் தட்டின் மேல் வைக்கவில்லை. கூட்டத்தை அப்போதுதான் தொடங்கிவைத்ததால் அது கையிலேயே இருந்தது. பதினேழாம் பக்கம் படித்தேன். அடிகளுக்கு நடுவே ஒரு முதியவர் அடக்கமாட்டாமல் விம்முவதைப் பற்றிய பக்கம். மச்சினன் எழுந்து வந்தான்.

"மன்னிச்சிருங்க மாமா. அச்சுல வந்தா ஊரே சிரிக்கும்" என்று காதோடு சொல்லிவிட்டுக் குமிழைத் திருப்பினான்.

குரல்கள் மேலே ஏறின. ஆண்கள் பெண்களானார்கள். பெண்கள்கூட இல்லை, பொண்ணுங்க. பதினாறு பதினேழு வயசு இருக்கும். பாறை உருளவில்லை, கை தட்டினார்கள். குதித்தார்கள் போலிருக்கிறது, பலகை அதிர்ந்தது. முதியவரின் விம்மல், ஒரு பெண் சிரிப்பை அடக்கத் தெரியாமல் அடக்குகிறாள்.

சர்வேயர் முதலில் சிரித்தார், தையல் வலிக்க நெற்றியைப் பிடித்துக்கொண்டு. டாக்டர் சிரித்தார். "இதையா அம்மாவுக்கு..." என்று தொடங்கிய டீச்சர், முடிக்கமுடியாமல் சிரித்தார்.

மச்சினன் சிரிக்கல.

சிரிச்சது அவங்க. அடிச்சது அவனை. ஏன்? பக்கத்துல நின்னான். கையில குண்டு இருந்துச்சு. வலது காது மேல. ஒண்ணு இல்ல, ரெண்டு. கூட்டம் ஆரம்பிக்கத் தட்டுற மாதிரி.

அவன் கத்தக்கூட இல்லை. குமிழைப் பிடித்தபடியே உட்கார்ந்தான். காதுக்குள்ளிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் போனது. இந்த முறை டீச்சர் முள்ளைத் தூக்கவில்லை, ஆளைத்தான் தூக்கினார். அதனால் அந்தப் பெண்கள் கடைசிவரை பாடினார்கள்.

இந்த வேகத்தில் தட்டின் முதல் பக்கம் பதினான்கு நிமிடம்.

ஏப்ரல் 8, திங்கள்

ஆஸ்பத்திரி. உள்ளே விட்டதும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "ஏணியில இருந்து விழுந்தேன்னு சொல்லிட்டேன் மாமா. நீங்க மாத்திச் சொல்லிராதீங்க."

மனைவி தாழ்வாரத்தில் நின்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் மீது அவள் கையை ஓங்கியதில்லை. இன்றும் ஓங்கவில்லை, நேராக அடித்தாள். கண்ணாடி எகிறிப்போய்ச் சக்கர நாற்காலிக்கு அடியில் விழுந்தது. குனிந்து எடுக்கும்போது முதுகிலும் ஒன்று விழுந்தது.

"அத்தை சாவுல கும்மாளப் பாட்டு போட்டீங்க. அவங்க எழுந்திருச்சா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க. அதுக்காடா என் தம்பி?"

'டா'வும் இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை.

ஏப்ரல் 9, செவ்வாய்

சர்வேயர் அடித்தது திட்டமிட்டு. லாரிக்காரர் அடித்தது ஆத்திரத்தில். என்னுடையது எந்த வகை என்று யோசித்துக்கொண்டு பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கூட்டம் இல்லை. பித்தளைக் குண்டை டாக்டர் கழுவிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். கருவிகளைக் கொதிக்கவைக்கும் பெட்டியில் போட்டு எடுத்தாராம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பத்திரிகைக்காரர் நாலாவது தடவையாகக் கேட்டார், மெய்ப்பு எங்கே என்று. கட்டுரையை நிறுத்தச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முழுவதும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறேன். அதுதான் தொந்தரவு.

ஒரே ஒரு காற்புள்ளியைச் சேர்த்து அனுப்பினேன்.

ஜூன் 16, ஞாயிறு

மச்சினனைக் காது டாக்டரிடம் காட்டிவிட்டு ஆற்றோரமாக நடந்தே திரும்பினோம். எத்தனையோ வாரமாக மனசுக்குள் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தட்டை நாற்பத்தைந்தில் தினம் கேட்கிறேன் என்றேன். அந்தப் பெண்ணின் சிரிப்பு எந்த இடத்தில் உடைகிறது என்று எனக்கு மனப்பாடம் என்றேன். அவன் பதிலே சொல்லவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நியாயம்தான் என்றும் நினைத்துக்கொண்டேன். பாலம்வரை அப்படியே வந்தோம்.

பாலத்தில் ஒரு சைக்கிளுக்கு வழிவிட்டபோது அதுவரை வலப்பக்கம் நடந்துவந்த நான் அவனுக்கு இடப்பக்கம் வந்துவிட்டேன்.

"ஏன் மாமா இவ்வளவு நேரம் பேசாம வர்றீங்க?" என்றான்.

ஜூலை 28, ஞாயிறு

வட்டம் மறுபடி கூடியது. லாரிக்காரரைத் திரும்பச் சேர்த்தோம், கைத்தடியோடு வந்தார். சர்வேயர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிஸ்கட் தடையை ஒருமனதாக நீக்கினோம். குண்டைத் தட்டி அறிவிக்க வேண்டிய இடத்தில் நான் கையைத் தட்டினேன்.

கட்டுரை வந்துவிட்டது. பாராட்டி மூன்று கடிதம். மூவரும் பதினேழாம் பக்கத்து விம்மலைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

திரும்பும்போது கடைவீதி வழியாக வந்தேன். மச்சினன் பலகையைச் சுருக்கிப் புதிதாக எழுதியிருக்கிறான். 'கடிகாரம் பழுது பார்க்கப்படும்.'