அடைப்புக்குறிக்குள் ஒரு நாடகம்

பிப்ரவரி 4

வங்கிக்குப் போன் போட்டேன். "தயவுசெய்து காத்திருங்கள், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று நானே என்னிடம் சொன்னேன். சில வருடங்களுக்கு முன் ஒலிப்பதிவு செய்து கொடுத்தது. குரல் இன்னும் கம்பீரமாகத்தான் இருக்கிறது. காத்திருக்கிறவர்கள் வங்கியைத் திட்டுவதற்கு முன் என்னைத்தான் திட்டுவார்கள். திட்டு வாங்கவும் ஒரு லட்சணமான குரல் வேண்டுமே.

மூட்டு மக்கர் பண்ண ஆரம்பித்ததிலிருந்து மேடை ஏறி நடிப்பதில்லை. புதுநாடகப் பட்டறையில் மேடைக்குறிப்பு வாசிப்பதோடு சரி. எழுதி முடித்த புது நாடகத்தை நடிகர்கள் உட்கார்ந்தபடி வாசித்துப் பார்ப்பார்கள். வசனம் அவர்களுக்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் எனக்கு. "அவள் ஜன்னலைத் திறக்கிறாள்." "அவன் வெளியேறுகிறான்." இதில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் நான் வாசித்துக் கேட்டதில்லை.

இதை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். என் மனைவி நாடகம் எழுதியிருக்கிறாளாம். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். சாயங்காலம் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தால் ஏதோ ஆபீஸ் வேலை என்றல்லவா நினைத்தேன்?

"பட்டறையில கொடுத்துட்டேன். வியாழக்கிழமை வாசிக்கிறாங்க. நீங்க எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசிங்க, போதும்" என்றாள்.

என்னிடம் காட்டாமலே கொடுத்திருக்கிறாள். கோபம் வரவேண்டிய இடம். வரவும் செய்தது. ஆனால் பெருமை முந்திக்கொண்டது.

பிப்ரவரி 6

வாசித்தாயிற்று. சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இருக்கும் அதே அறை, அதே ஆட்டம் காணும் நாற்காலிகள். ஆனால் இன்றைக்கு மாதிரி அந்த அறை கட்டுண்டு கிடந்து நான் பார்த்ததில்லை.

ஒரு தையல் கடை. அக்காவும் தம்பியும் எதிரெதிரே மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா இறந்தபோது வந்த சண்டை, பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். சேர்ந்து இன்னொரு கடை பார்ப்பதா, ஆளுக்கொரு பக்கம் போவதா? பேசினால்தானே முடிவெடுக்க முடியும். அவ்வளவுதான் கதை.

இருவரும் பேசாததால் வசனம் குறைவு. அடைப்புக்குறியோ பக்கம் பக்கமாக. இந்த இடத்தை மட்டும் நானே கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்:

(அக்கா ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறுகிறாள். தம்பி விளக்கைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்புகிறான். அவன் தினமும் திருப்புவது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் அவள் சொல்லும் நன்றி.)

பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசித்து முடித்ததும் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. இயக்குநர் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "என்ன பார்த்தீங்க?" எழுதியவர் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்று ஒருவர் அந்த விளக்கைப் பார்த்தேன் என்றார். இன்னொருவர் ஊசித் துளையைத் தேடும் அக்காவின் விரல்களைப் பார்த்தாராம். ஒரு பெண்மணி மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரிசையில் என் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 11

தேர்வாகிவிட்டது. மே மாதம் அரங்கில் போடுகிறார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு வாய் ஓடியது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். பாதிப் பங்கு என் குரலுக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 12

எழுந்து நின்று செய்யும் ஒத்திகை இன்று தொடங்கியது. இதில் மேடைக்குறிப்பை யாரும் வாசிக்கமாட்டார்கள், நடிகர்கள் செய்து காட்டவேண்டும். நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போனேன்.

உப்புச் சப்பில்லை. இரண்டு பேர் தைக்கிறார்கள். ஒருவர் விளக்கைத் திருப்புகிறார். மறுபடி தைக்கிறார்கள். தையல் கடைக்கு வந்தவன் எதற்கு வந்தோம் என்று மறந்து நிற்பது போல நான் நின்றேன்.

தம்பியாக நடிப்பவனை எல்லோரும் ஒல்லி என்போம். பாவம், நல்ல நடிகன். பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "அம்மா, 'தினமும் திருப்புவது அவளுக்குத் தெரியும்'னு போட்டிருக்கு. தினமும்கிறதை நான் எதை வெச்சுக் காட்டுறது? மூக்காலயா?"

அக்காவாக நடிப்பவர் பகலில் பல் டாக்டர். "எனக்கும் அதே கஷ்டம்தான். தெரியாத மாதிரி இருக்கணும், அதுவே நன்றியா இருக்கணும். வெளியில இருந்து பார்த்தா நான் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும்" என்றார்.

இயக்குநர் அம்மா பிரதியை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "இதுல நல்லா இருக்கிறதெல்லாம் அடைப்புக்குறிக்குள்ள இருக்கு. டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்க காதுல அது விழவே விழாது. அன்னிக்கு இவர் வாசிச்சாரு, நாம மயங்கிட்டோம். இத்தனை வருஷமா இதே வேலை பார்க்கிறோம், ஒருத்தருக்குக்கூட உறைக்கல பாருங்க."

வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தூரம் வரை அதை எனக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நடந்து வந்தவளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

மார்ச் 14

மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அரங்கக்காரர்கள் அந்தத் தேதிகளில் பழைய நகைச்சுவை நாடகம் ஒன்றைப் போட்டுவிடுவார்களாம். இவளுடையது அதோடு பெட்டிக்குள் போய்விடும்.

இயக்குநர் அம்மா ஒரு வழி சொன்னார். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. நான் அதில் உட்கார்ந்து அடைப்புக்குறியெல்லாம் வாசிப்பது. பட்டறையில் அன்றைக்கு வாசித்த மாதிரியே.

மறுபடி மேடை! எனக்குத் தலைகால் புரியவில்லை. நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுப் பார்த்தேன். தொப்பை மட்டும் கொஞ்சம் தகராறு. இவள் "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 15

வேண்டாமாம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நிதானமாகச் சொல்கிறாள். "உங்க குரல்ல கேட்டா எனக்கே அழுகை வருதுங்க. அதான் பயமா இருக்கு. நாளைக்கு நீங்க இல்லாத ஊர்ல, நமக்குத் தெரியாத யாரோ நாலு பேர் இதை எடுத்துப் போடுவாங்க. அப்ப இது சொந்தக் கால்ல நிக்கணும்ல?"

"இந்த ஊர்லயே நிக்கல. அதுக்குள்ள அடுத்த ஊரா?" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிட்டேன். அவ தட்டைத் தூக்கிட்டு எழுந்து போயிட்டா. போகட்டும்! நான் என்ன கெட்டதா நினைச்சேன்? காப்பாத்தத்தானே வந்தேன். காப்பாத்த வர்றவனை வேண்டாங்கிறவங்களை என்ன பண்றது? இனி நானாகப் பேசப்போவதில்லை.

மார்ச் 16

பேசவில்லை.

மார்ச் 17

அவளும்தான்.

மார்ச் 20

வீம்புக்கு விலை உண்டு. சட்டையில் பொத்தான் போய்விட்டது, ஊசி எங்கே இருக்கிறது என்று அவளிடம்தான் கேட்கவேண்டும். கேட்கமாட்டேன். மின்விசிறியைப் பார்த்துச் சொன்னேன்: "இந்த வீட்டுல ஊசி நூலை எங்க ஒளிச்சு வெப்பாங்களோ தெரியல."

அவள் பிரிட்ஜிடம் பதில் சொன்னாள்: "ரெண்டாவது டிராயர்ல இருக்கு. கண்ணு இருக்கிறவங்க எடுத்துக்கலாம்."

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "உங்கம்மாகிட்ட சொல்லு, கேஸ் தீரப்போகுதுன்னு" என்றேன். "அப்பா, நான் இங்க இருந்து சொல்லணுமா? அம்மா உங்களுக்கு நாலடி தள்ளித்தானே இருக்காங்க" என்றாள். பின்னாலிருந்து இவள் ஜன்னல் திரையிடம், "காலையிலயே சிலிண்டருக்குச் சொல்லியாச்சுன்னு சொல்லு" என்றாள். மகள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

மார்ச் 23

நான் ஜாடையாக எது சொன்னாலும் இவள் பதில் சொல்லிவிட்டு நேரே லேப்டாப்புக்குப் போய்விடுகிறாள். ஒத்திகையும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். இதை ஒல்லி சொல்லித்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது. நம்ம வீட்டுச் செய்தி ஊர் சுற்றி வருகிறது.

நாடகம் பெட்டிக்குள் போய்விட்டால்? அவள் வாசலில் செருப்போடு நின்ற முகம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் முதலில் யார் பேசுவது?

மார்ச் 27

காலையில் செய்தித்தாளோடு ஒரு கட்டுக் காகிதம் இருந்தது. புதிய பிரதி. அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

எடுத்ததும் அடைப்புக்குறியைத்தான் தேடினேன். எனக்கென்று என்ன இருக்கிறது பார்ப்போமே என்று. ஒன்றுமே இல்லை. (உட்காருகிறாள்.) (போகிறான்.) அவ்வளவுதான். என் நாற்காலிக்கு இடமே இல்லை. சுருக்கென்றது.

பிறகு வசனத்தைப் படித்தேன். கடையின் நடுவில் இப்போது தலையில்லாத துணிக்கடைப் பொம்மை ஒன்று நிற்கிறது. அக்காவும் தம்பியும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. இருவருமே பொம்மையிடம் பேசுகிறார்கள்.

தம்பி பொம்மையிடம்: "இந்தக் கடையில ஊசியை எங்க ஒளிச்சு வெப்பாங்களோ தெரியல."

அக்கா பொம்மையிடம்: "கண்ணு இருக்கிறவங்க எடுத்துக்கலாம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நான் வயிறெரிந்து சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் பிடித்துப் போட்டிருக்கிறாள். வீட்டில் நடந்ததைச் சந்தியில் வைக்கிறாளே என்று எழுந்து நடந்தேன். உட்கார்ந்து மறுபடி படித்தேன். "வெளிச்சம் சரியில்லைன்னு யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டாங்க. தினமும் நாமதான் திருப்பி வெக்கணும்" என்று தம்பி பொம்மையிடம் முணுமுணுக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பக்கம் தாண்டி, அக்கா அதே பொம்மைக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டே, "வெளிச்சம் இப்ப நல்லா இருக்கு" என்கிறாள். அங்கே அழுகை வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து பொத்தான் இல்லாத சட்டையோடு அழுதேன். என் குரல் எதுவும் தேவைப்படவில்லை. மனதுக்குள் படிக்கும்போதே அந்த இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அவள் வந்ததும் மின்விசிறியைப் பார்க்கவில்லை. நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நல்லா எழுதியிருக்கே. பிரமாதமா எழுதியிருக்கே."

"பட்டறையில அப்படிச் சொல்லக்கூடாது. என்ன பார்த்தீங்க?"

"என்னைத்தான் பார்த்தேன். சகிக்கல."

அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 29

ஒத்திகை. பல் டாக்டரும் ஒல்லியும் பொம்மையை நடுவில் வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கினார்கள். முதல் காட்சி முடிந்தபோது இயக்குநர் அம்மா சிரித்தார். அவர் பல்லை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனாலும் அவருக்குப் பயம் விடவில்லை. "எதுக்கும் இவரும் ஓரமா ஒரு நாற்காலியில இருக்கட்டுமே. கடைசிக் காட்சிக்கு மட்டும். ஒரு பாதுகாப்புக்கு" என்றார்.

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள். என் எதிரில் எப்படி மறுப்பது என்று திணறுகிறாள், தெரிந்தது. ஆசை எனக்கு இல்லை என்று எழுதினால் பொய். நீலச் சட்டை அலமாரியில் தயாராகத் தொங்குகிறது.

"வேண்டாம்மா," என்றேன். "நான் உட்கார்ந்தா சனங்க என்னையே பார்த்துட்டு இருப்பாங்க. இது எழுந்து நடக்க ஆரம்பிச்சாச்சு. இப்பப் போய் கையைப் பிடிக்காதீங்க."

தலைக்கனம் குறையவில்லை என்று ஒல்லி கிண்டல் செய்தான். செய்யட்டும். இத்தனை வருடத்தில் நான் பேசிய வசனங்களில் இதுதான் கனமானது.

மார்ச் 31

மே தேதிகள் உறுதி. போஸ்டரில் அவள் பெயர், என் உள்ளங்கை அளவுக்கு. கை வைத்து அளந்து பார்த்தேன்.

மே 9

முதல் காட்சி. எல்லா இடமும் நிரம்பிவிட்டது. இவள் என் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று கடைசி வரிசைக்குப் போய்விட்டாள், பட்டறைப் பழக்கம். நான் மூன்றாவது வரிசை.

ஊசி இருக்கும் இடத்துக்கு முதல் சிரிப்பு. பிறகு ஒவ்வொரு ஜாடைக்கும் அரங்கம் குலுங்கியது. தங்கள் தங்கள் வீட்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

கடைசிக் காட்சி. முதல் பிரதியில் இதற்கு ஒரு முழுப் பக்க அடைப்புக்குறி உண்டு. எனக்கு இன்னும் மனப்பாடம். இப்போது ஒல்லி எழுந்து போய் பொம்மையைத் தூக்கிச் சுவரோரம் வைக்கிறான். திரும்பி வந்து உட்காருகிறான். நடுவில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "அக்கா," என்கிறான், "புதுக் கடையில ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்?"

அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. அந்த முழுப் பக்கமும் அந்த அமைதிக்குள் இருந்தது, யாரும் வாசிக்காமலே. என் மனைவி செய்தது இது. எக்ஸ்ரே எடுக்கிறவள் செய்தது. எனக்கு எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்லவேண்டும் போல இருந்தது.

கைதட்டல் ஓய்ந்து விளக்கு வந்ததும் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என் பக்கம் திரும்பினார். "அந்தத் தம்பி சரியான முசுடு சார். எங்க வீட்டுலயும் அப்படி ஒரு ஆள் இருக்கான். எழுதினவங்க வீட்டுல எவன் மாட்டினானோ பாவம், அப்படியே புட்டுப் புட்டு வெச்சிருக்காங்க" என்றார்.

"நான்தான் சார்," என்றேன், என்னிடம் இருக்கும் முழுக் குரலில். முன்வரிசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த முசுடு நான்தான். எழுதினவங்க வீட்டுக்காரர்."

அவர் எழுந்து நின்று கை கொடுத்தார்.