மறுநாள் காலை வந்த பதில்

இன்று காலை பேண்டேஜ் கம்பெனியில் எனக்கு எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணின் தலையில் ஒரு கொத்துப் பஞ்சு ஒட்டியிருந்தது. நெற்றிக்கு மேலே, வகிட்டை ஒட்டி, சரியாக நீ ஒட்டிக்கொள்ளும் இடத்தில். நாடகத்தில் உன்னைக் கிழவியாக்க வாத்தியார் இந்தப் பஞ்சைத்தானே வாங்கி வரச் சொல்வார். அப்போது உனக்கு முப்பதுகூட ஆகவில்லை. எனக்கும் அதே வயதுதான். ஆனாலும் நீ மாமியார், நான் மருமகள். "அழகா இருக்கவதான் மருமக" என்று நான் சொல்வேன். "மூளை இருக்கவதான் மாமியா" என்று நீ சொல்வாய். அதையும் மறுநாள்தான் சொல்வாய்.

நம் ராஜபாளையம் நாடகக் குழுவில் எல்லோருக்கும் வாத்தியார் பக்கம் பக்கமாகப் பாடம் எழுதிக் கொடுப்பார். நமக்கு மட்டும் ஒரே வரி: 'இங்கே மாமியாரும் மருமகளும் சண்டை போடுகிறார்கள்.' மிச்சத்தை நாமே பேசிக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அது வசதி. நீ பத்து வரைக்கும் படித்தவள். ஒரு வார்த்தை பேச நாலு வார்த்தை யோசிப்பாய். நீ யோசித்து முடிப்பதற்குள் நான் இரண்டு விசில் வாங்கிவிடுவேன். மறுநாள் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் தூங்கி வழியும்போது விலாவில் இடிப்பாய்.

"ஏட்டி, வந்துருச்சு."

"என்னது, ராஜபாளையமா?"

"நேத்து நீ கேட்டதுக்குப் பதில்."

"கண்டக்டர்ட்ட சொல்லு. அவருட்ட விசில் இருக்கு."

நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். நான் மறுபடி தூங்கிவிடுவேன்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்ட நாடகம்தான் நம்மைப் பிரித்தது. மேடையில் நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏட்டி, எம்மவன ஏன் பாத்திரம் தேய்க்க விட்ட?" என்று கேட்டாய். "பெத்ததோட விட்டுட்டீகளே அத்தை. வளர்க்க வேண்டியது நானால்ல இருக்கு" என்றேன். தேரடி வரைக்கும் சிரிப்புச் சத்தம் போனது. நீ அப்படியே நின்றாய். வாய் பாதி திறந்திருந்தது, பஞ்சு ஒரு பக்கம் சரிந்து தொங்கியது, கண் மட்டும் கலங்கியிருந்தது. நான் ஜெயித்த சந்தோஷத்தில் முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனேன்.

குற்றாலத்தில் படம் எடுக்க வந்தவர்களில் இரண்டு பேர் அன்று கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள். அந்த வாரமே வாத்தியார் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் பவுடரெல்லாம் போட்டுக்கொண்டு முன்னால் நின்றேன்.

"அந்தம்மா பேசாம நின்னாங்களே, அந்த முகம் வேணும்" என்றார் ஒருவர்.

"பேசுற முகம் வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அது எங்ககிட்ட நிறைய இருக்குங்க."

முந்தானையால் பவுடரைத் துடைத்தேன். பேச்சு என்னுடையது, அடி என்னுடையது, அதை வாங்கிக்கொண்டு நின்ற முகத்துக்கு மெட்ராஸ் டிக்கெட். கூலி என்று பார்த்தால் எனக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

உன் முதல் படம் ராஜபாளையத்தில் ஓடியபோது பெண்கள் பெஞ்சில் முறுக்குப் பொட்டலத்தோடு போய் உட்கார்ந்தேன். நீ அசிங்கமாகத் தெரிய வேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. நீ வந்தாய். மகனை வழியனுப்பிவிட்டு வாசலில் நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். "நம்ம ஊருக்காரி" என்று ஒருத்தி பெருமைப்பட்டாள். "எனக்கு மாமியா" என்றேன். நம்பாமல் பார்த்தாள். முறுக்குப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இரண்டு மூன்று மாமியார், நாலைந்து அம்மா என்று நடித்தாய். வாய்ப்பு குறைந்ததும் சும்மா இருப்பாய் என்று பார்த்தேன். நீ பேனாவை எடுத்து நம் நாடகக் காலத்தை எழுத ஆரம்பித்தாய். வாரப் பத்திரிகையில் வந்து, பிறகு புத்தகமாகவும் வந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படித்தேன், வேறு யாரையும் வாசித்துக் காட்டச் சொல்ல ரோஷம் விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் சண்டை வரும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். நான் பேசிய பேச்சு அப்படியே இருந்தது. ஆனால் மாமியார் வாயடைத்து நிற்கவில்லை. பதில் சொல்கிறாள்.

"வளர்த்துக்கோ தாயி. நீ வளர்த்து முடிச்ச பொறவு ஒருத்தி வருவா, பிடுங்கிட்டுப் போக. அப்பத் தெரியும், நான் ஏன் பேசாம நிக்கேன்னு."

அதைக் கேட்டு மருமகள் வாயடைத்து நின்றாளாம். நான். எந்த ஊர் மேடையிலும் வாய் மூடாத நான்.

உனக்குப் பாராட்டு என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டபோது இதற்கு நியாயம் கேட்கத்தான் பஸ் ஏறி வந்தேன். மாலையும் கழுத்துமாக நின்றாய். தலை நிஜமாகவே நரைத்திருந்தது.

"பஞ்சுச் செலவு மிச்சம் போல" என்றேன்.

"வந்துட்டியா மருமகளே" என்று கையைப் பிடித்தாய்.

"பொய் எழுதியிருக்க. அன்னைக்கு நீ எங்க பதில் சொன்ன?"

"மறுநாள் பஸ்ல சொல்ல வந்தேன். நீ கண்டக்டர்ட்ட சொல்லச் சொல்லிட்டுத் தூங்கிட்ட. நான் சொல்லுததக் கேக்க ஆளில்ல, அதான் ஊருக்கே சொல்லிட்டேன்." பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப நீ பதிலச் சொல்லு. அடுத்த பதிப்புல போட்டுருதேன்" என்றாய்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நீ என் முகத்தையே செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இந்த மூஞ்சிய அன்னைக்கு அவிய பார்த்திருந்தா உன்னையும் கூட்டிட்டுப் போயிருப்பாக" என்றாய்.

திரும்பி வந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் யோசித்தேன், வீட்டிலும் யோசித்தேன். யோசிப்பது எம்புட்டுப் பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. நீ அதைக் காலமெல்லாம் செய்திருக்கிறாய். அதிலும் எனக்குப் பொறாமைதான்.

போன வருஷம் பேப்பரில் உன் படம் வந்தது, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று. அதிலும் பேசாமல்தான் இருந்தாய். நன்றாகத்தான் இருந்தது, பாவி.

இன்று காலை அந்தப் பெண்ணின் தலையிலிருந்த பஞ்சை எடுக்கக் கையை நீட்டினேன். கை பாதியில் நிற்க, வாய் தானாகப் பேசியது.

"பிடுங்கிட்டுப் போறவ போகட்டும் அத்தை. நீங்க எங்க கெளம்பிட்டீக? சண்டை இன்னும் முடியல. உக்காருங்க."

அந்தப் பெண் பயந்துபோய், "யாரச் சொல்லுதீக சித்தி?" என்றாள்.

"வந்துருச்சுட்டி" என்றேன். பஞ்சை எடுக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அது எனக்கு எதிரே அங்கேயே இருந்தது.

என் பதிலைச் சொல்லிவிட்டேன். இனி உன் முறை. அவசரமில்லை, யோசித்துச் சொல். நாளைக் காலையில் சொன்னாலும் போதும். இந்தத் தடவை தூங்க மாட்டேன்.