சிங்கம் உறுமிய காலை

அன்புள்ள மச்சானுக்கு,

கென்யாவில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தைப் போன் எழுதிக்கொள்கிறது.

"கண்ணு தெரியாம அந்தக் காட்டுக்குப் போயி என்னத்தப் பார்க்கப் போறே அம்மணி? பேசாம ஊட்லயே இருந்துக்கோ" என்றீர்கள். ஆனாலும் ஒரு சுற்றுலாக் குழுவோடு போத்தனூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

இன்று காலை ஜீப் திடீரென்று நின்றது. "சிங்கம்" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். முதலில் பச்சை இறைச்சியின் வாடை வந்தது. பிறகு அது உறுமியது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த கம்பிகூட அதிர்ந்தது. பயத்தில் பக்கத்து இருக்கைக்குக் கையை நீட்டினேன். அங்கே யாருடைய கேமராப் பையோ இருந்தது.

மதியச் சாப்பாட்டின்போது எல்லோரும் தாங்கள் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள். நான் கேட்டதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோவையில் இறங்குவேன். விமான நிலையத்துக்கு வருவீர்களா என்று தெரியவில்லை. வந்தால், பார்வை போனதிலிருந்து செய்வதைப்போல என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள். உங்கள் முழங்கையைக் கொடுங்கள். நானே பிடித்துக்கொண்டு உங்களோடு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி