அண்ணா என்னை நம்பி விட்ட வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கால்வீக்கம் வற்றியதா? எனக்கு ஒரு குறையுமில்லை.

மெரிலேண்ட்ஸில் அண்ணாவின் வீடு விலைப்பட்டுவிட்டது. அதை விற்று, காசைத் தன் மகள் கவிநிலாவின் படிப்புக்கு வைக்கும்படி உயில் எழுதி, அதற்குப் பொறுப்பான ட்ரஸ்டியாக என்னைத்தானே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறத்தியாரிடம் போகவிடாதே என்று நீங்கள் அழுததால், சந்தை விலைக்கு மேலே தந்து நானே வாங்கலாமா என்று சட்டத்தரணியிடம் கேட்டேன்.

"கூடத் தந்தாலும் ஏலாது, தாட்சாயினி. விக்கிறதும் நீங்கள், வாங்கிறதும் நீங்கள் எண்டால் பிள்ளைக்காக ஆர் விலை பேசுறது?" என்றார். சம்மதம் சொல்லப் பிள்ளைக்கும் இன்னும் வயது காணாதாம்.

நியாயம்தான் அம்மா. வாங்கியவர்களும் நல்ல சனம். கறிவேப்பிலை மரத்தை வெட்டமாட்டார்களாம்; வேண்டுமென்றால் நான் வந்து இலை ஆய்ந்துகொண்டு போகலாமாம்.

ஐயரிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அண்ணா ஒருநாளும் தங்காத என் பிளாட்டில் அவருடைய திவசத்தைச் செய்யலாமா?

ஏஜென்ட் வீட்டுப் பூட்டுகளின் திறப்புகளை வாங்க வாசலில் நிற்கிறார், முடிக்கிறேன். அண்ணா வேறு யாரையாவது நம்பியிருந்தால், இந்த வீட்டை நான் வாங்கியிருப்பேன்.

உங்கள் மகள்,
தாட்சா