கதவில் திரும்பியவன்

பிப்ரவரி 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை. நம் பிள்ளை வாலு பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். கடைக்குக் கிளம்பினால்கூட வாசலில் நின்று, திரும்பி என் முகத்தைப் பார்த்து, “போயிட்டு வரேன்” என்று சொல்லாமல் படியிறங்க மாட்டானே, அன்றைக்கு மட்டும் சொல்லாமல் போய்விட்டான். சொன்னால் நான் அழுது தடுத்திருப்பேனாம்.

பக்கத்து வீட்டுத் தச்சர் மகனும் கூடவே போயிருக்கிறான். மழையில் ஊறி மூடாமல் கிடந்த நம் வாசல் கதவை இழைத்துத் தருவதாகத் தச்சர் எடுத்துப் போனவர், பாவம், அதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு பேரையும் உங்கள் பாராசூட் முகாமுக்குத்தான் அனுப்புகிறார்களாம். விமானக் கதவில் நின்று பையன்களை இறக்கிவிடுவது உங்கள் வேலைதானே. அந்தக் கதவுக்கு இவன் வந்தால் குதிக்க விடாமல் எப்படியாவது உட்கார வைத்துவிடுங்கள். இத்தனை வருஷத்தில் உங்களிடம் வாய்விட்டுக் கேட்பது இது ஒன்றுதான்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

உன் பிள்ளை என் விமானத்துக்கே வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். பயிற்சியில் படியிலிருந்து குதிப்பதுபோல் குதிக்கிறான். தச்சர் மகன் எப்போதும் அவனுக்கு அடுத்த ஆள்.

நான் யாரையும் தள்ளுவதில்லை. விளக்கு பச்சையானதும் தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். கதவில் நின்று திரும்பிப் பார்க்கிறவன் பயந்துவிட்டான் என்று அர்த்தம். அவனை மட்டும், பாராசூட் கயிற்றை விமானத்துக் கம்பியில் மாட்டியிருக்கும் கொக்கியைக் கழற்றி, உட்கார வைக்கலாம். பிறகு பாராசூட் பக்கமே அவனைச் சேர்க்க மாட்டார்கள். அதையும் சட்டென்று செய்தாக வேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு நின்றால், பின்னால் இருப்பவர்கள் இறங்க வேண்டிய வயலை விமானம் தாண்டிவிடும்.

வாலு திரும்புகிற ஆள் இல்லை. நீ கேட்டது என்னால் ஆகாதம்மா. தட்டித் தட்டி எனக்கும் அலுத்துவிட்டது. திரும்பி வராத பிள்ளைகளின் தோள்தான் கையிலேயே நிற்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 17

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீ கேட்டது நடந்துவிட்டது.

சண்டை நடக்கிற இடத்துக்கு மேலே பறந்தோம். விளக்கு பச்சையானது. கையைத் தூக்கினேன். வாலு திரும்பினான். இரைச்சலில் ஒன்றும் கேட்காது, ஆனால் உதடு அசைந்தது தெரிந்தது. “போயிட்டு வரேம்பா.” அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் போனதை என்னிடம் சொன்னான்போல.

அவன் கண்ணில் பயம் இல்லை. அது எனக்குத் தெரியும். இருந்தும், திரும்பினான் இல்லையா? அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் திமிறினான். கொக்கி சிக்கிக்கொண்டது. இரண்டு பேருமாக வாசலை அடைத்துக்கொண்டு நின்றோம். விலகியதும் பின்னால் இருந்தவர்கள் குதித்தார்கள். அதற்குள் வயல் போய், கீழே ஆறு வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்தால் பாராசூட் துணியே ஆளை மூடி அமுக்கிவிடும்.

முதலில் குதித்தவன் தச்சர் மகன்.

வாலுவைப் பயந்தவன் என்று எழுதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவன் நான். அவன் என்னிடம் பேசவில்லை. தச்சரிடம் நீ எதுவும் சொல்லாதே. விடுப்பு கேட்டிருக்கிறேன். வீட்டில் வந்து படுத்தால் போதும் என்றிருக்கிறது.

உன் வீட்டுக்காரன்

மே 20

வாலுவின் அப்பாவுக்கு,

வாலு வந்தான். என் பிள்ளையை முழுசாகப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் தச்சர் வந்தார். “நீ கூடத்தானே இருந்தே, எப்படிப்பா போனான்?” என்று கேட்டார். நான் குறுக்கே விழுந்து ஏதோ சொல்லப் பார்த்தேன். வாலு என்னைத் தள்ளிவிட்டு, “எங்கப்பா என்னைப் பிடிச்சு வெச்சுக்கிட்டாரு. அதுக்குள்ள ஆறு வந்துருச்சு” என்றான். தச்சர் அவன் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார். மறுநாள் நம் கதவை இழைத்துக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவு இப்போது நன்றாக மூடுகிறது.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? கேட்டவள் நான். ஆனால் விடுப்பில் இங்கே வர வேண்டாம். தச்சர் முகத்தில் நான் ஒருத்தியாக எப்படியோ விழித்துக்கொள்கிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து இந்த வாசலில் நின்றால் அவரால் தாங்க முடியாது. என்னாலும் முடியாது.

வாலு இன்று காலை தரைப்படையில் சேரக் கிளம்பிவிட்டான். நான் வாசலிலேயே நின்றேன். தெருமுனை வரைக்கும் அவன் திரும்பவே இல்லை.

வாலுவின் அம்மா